சர்க்கார் படத்தில் வந்த பிள்ளை

என் அம்மாவுக்குச் சிவப்பு ஐசி. எனக்கு நீல ஐசி. மலேசியாவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீல அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் குடிமக்கள். சிவப்பு அட்டை வைத்திருப்பவர்கள் இங்கே தங்கிக்கொள்ள அனுமதி பெற்ற வெளியாட்கள். கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, அதே எஸ்டேட்டில் இடுப்பு ஒடியக் கொழுந்து பறித்து, அதே லயத்தில் எங்களைப் பெற்று வளர்த்து, மலையை விட்டுக் கீழே இறங்கியதை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய என் அம்மா வெளியாள். அப்பா நீல அட்டைக்காரர் என்பதால் பிள்ளைகள் நாங்கள் தப்பித்தோம்.

அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. கண்ணை மூடுவதற்குள் நீல ஐசி கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. தேர்தல் நாளில் எங்கள் லயமே துவைத்த சட்டையும் புதுச் சேலையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடக் கிளம்பும். அம்மா மட்டும் வீட்டில் இருந்து எல்லார் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாள். திரும்பி வருகிறவர்கள் மை வைத்த விரலைக் காட்டிக்கொண்டு வருவார்கள். போன தடவை எதிர்வீட்டு மருமகள், “பெரிம்மாவுக்கு இன்னிக்கு நல்ல ரெஸ்ட்டு லா” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். அம்மா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். எனக்குத் தெரியாதா எந்த இடம் சரியில்லை என்று.

ஆனால் இந்த வெளியாளுக்கு ஒரு பெருமை உண்டு. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சர்க்கார் எடுத்த சினிமாவில் நடித்திருக்கிறாள். கொழுந்துக் காட்டில் அவளை யாராவது மட்டம் தட்டினால், “நான் சர்க்கார் படத்துல நடிச்சவ, தெரியுமில்ல?” என்று ஆரம்பித்துவிடுவாள். வேலை வாங்கும் மண்டோர் உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். அவள் பட்டப்பெயரே ‘ஸ்டாரு’தான். நானும் சிறுவயதில் அதை நம்பினேன், பிறகு நம்பாமல் போனேன், கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு அதைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

அந்தப் படம் எடுக்கப்பட்டது கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்துகொண்டு வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட காலத்தில். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காட்டுக்காரனுக்குப் போய்விடும் என்று அரிசியைக்கூட அளந்துதான் கொடுப்பார்களாம். வானத்தில் விமானம் வந்து தாளாகக் கொட்டிவிட்டுப் போகும். சீனம், மலாய், தமிழ் என்று எழுத்து இருக்கும். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வா, சோறு உண்டு, மருந்து உண்டு, உன் பெண்டாட்டி பிள்ளை காத்திருக்கிறார்கள் என்று அதில் போட்டிருக்கும். எங்கள் சனங்கள் முக்கால்வாசிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. தாளை எடுத்தால் காட்டுக்காரன் கோபித்துக்கொள்வான், எடுக்காமல் மிதித்தால் துரை கோபித்துக்கொள்வார் என்று, தாள் விழுந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடப்பார்களாம். பிறகு விமானமே பேச ஆரம்பித்தது. மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தமிழில் கூப்பிட்டதைக் கேட்டுப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

எல்லாவற்றிலும் எங்கள் ஆட்களுக்குப் பிடித்தது சினிமா வேன்தான். சர்க்கார் வேன் ஒன்று மலை ஏறி வந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும். நடுவில் ஒரு சிரிப்புப் படம், முன்னும் பின்னும் புத்திமதி. கொசுவை ஒழி, பாலைக் குடி, காட்டுக்காரனுக்குச் சோறு போடாதே. சிரிப்புப் படத்துக்காகப் புத்திமதியைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த வேன் ஒரு நாள் படம் காட்ட வராமல் படம் பிடிக்க வந்தது. கதை இதுதான். ஒரு தோட்டத் தொழிலாளி காட்டுக்காரன் பேச்சைக் கேட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறான். பெண்டாட்டியும் மகளும் பட்டினி. வானத்திலிருந்து விழுந்த தாளை வைத்துக்கொண்டு மகள் சாமி கும்பிடுகிறாள். அவன் மனம் திருந்திக் கையைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து வருகிறான். போலீஸ்காரர் கை குலுக்குகிறார், ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்கிறார், மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். தகப்பனாக நடிக்கக் கோலாலம்பூரிலிருந்து ஒரு நாடகக்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். மகளுக்கு எங்கள் லயத்திலிருந்து ஒரு பிள்ளையைப் பொறுக்கினார்கள். நன்றாகச் சிரிக்கிற பிள்ளை என்று எஸ்டேட் எழுத்தரான கிராணி என் அம்மாவைக் காட்டினாராம்.

ஒரு கவுனும் ஒரு டின் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். படத்தில் அவளுக்கு வேறு பெயர். அந்த நாடகக்காரரை அப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள். அம்மா கூச்சமே படாமல் கூப்பிட்டாளாம். அவளுடைய சொந்த அப்பா, அதாவது என் தாத்தா, கூட்டத்தோடு கூட்டமாக நின்று கை தட்ட வேண்டும். அது அவருடைய வேஷம்.

தாத்தா செய்த தப்பு இங்கேதான் வருகிறது. தப்பு என்று நான் சொல்கிறேன். அவரைப் பொறுத்தவரை அது கணக்காக யோசித்துச் செய்த காரியம். சண்டை ஆரம்பித்ததும் சர்க்கார் ஆட்கள் வந்து பெரியவர்கள் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து, படம் பிடித்து, கைநாட்டு வாங்கி, அட்டை கொடுத்திருந்தார்கள். தாத்தாவுக்கு வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் படம் பிடித்ததில்லை. லயத்தில் யாருக்குமே அப்படித்தான். ஆக, எங்கள் ஆட்கள் அகராதியில் சர்க்கார் ஒருவனைப் படம் பிடித்தது என்றால் அவன் பேர் சர்க்காரில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அட்டைக்காக ஒரு நொடி பிடித்த படத்துக்கே அவ்வளவு மதிப்பு என்றால், பெரிய கேமரா வைத்து நாள் கணக்காகப் பிடித்த பிள்ளைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்?

சுதந்திரம் வந்த சமயம் குடியுரிமைக்குப் பேர் பதிய ஆட்கள் எஸ்டேட்டுக்கு வந்தார்கள். தாத்தா தன் பேரைப் பதிந்தார், பாட்டி பேரைப் பதிந்தார், என் மாமன்மார் இருவர் பேரையும் கொடுத்தார். அம்மாவின் முறை வந்ததும், “இதுக்கு எல்லாம் முடிஞ்சிருச்சுங்க. சர்க்காரே வந்து படம் புடிச்சிட்டுப் போயிருக்கு” என்று சொல்லி, அவளைக் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே கூட்டிவந்துவிட்டார். பெருமையோடுதான் கூட்டி வந்திருப்பார். அம்மா பிறந்தது ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த குழப்பத்தில். பிறப்புச் சான்றிதழும் கிடையாது. அடையாள அட்டை எடுக்கும் வயது வந்து ஐசி எடுக்கப் போனபோது சிவப்பைக் கையில் கொடுத்தார்கள். சிவப்பு அழகாக இருக்கிறது என்று தாத்தா சொன்னாராம்.

தாத்தாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். ஆத்திரம் வந்த அதே மூச்சில் பாவமாகவும் இருக்கும். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. சர்க்கார் சொன்னதை அட்சரம் பிசகாமல் நம்பிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

நான் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறேன். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தேயிலைக் குன்றுக்குப் போய், பனி விலகுவதைக் காட்டி, வழியில் நாலு கதை சொல்லித் திரும்புவது வேலை. கதைகளில் பாதி உண்மை. மீதி நான் சேர்த்தது. வருகிறவர்களுக்குக் கொழுந்து பறிப்பவர்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும்; அப்படித்தான் சொல்வேன். ஒரு நாள் முன் சீட்டில் உட்கார்ந்த ஒரு பெண் என் கதைகளைக் கேட்டுச் சிரிக்கவே இல்லை. முப்பது வயதுக்கு மேல் இருக்கும், தமிழ்ப் பெண், கோலாலம்பூர்க்காரி, இங்கிலாந்தில் ஆராய்ச்சி படிக்கிறாள். போரிலும் சமாதானத்திலும் பிரிட்டிஷ் அரசாங்கம் மக்களுக்கு என்ன சொல்லி எப்படி நம்ப வைத்தது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இதற்கெல்லாம்கூட ஒரு படிப்பா என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் மலை டவுனான தானா ராத்தாவுக்குத் திரும்பும் வழியில் நிறைய சொன்னாள். பெரிய யுத்தத்தின்போது அவர்கள் தங்கள் சொந்தச் சனங்களிடமே இந்த வேலையைப் பழகிக்கொண்டார்களாம். வாயை மூடிக்கொண்டிரு, உருளைக்கிழங்கு பயிரிடு, பழந்துணியைத் தைத்துப் போடு என்று சுவரெல்லாம் படம் ஒட்டினார்களாம். யுத்தம் முடிந்த பிறகு அதே கைப்பழக்கம் இங்கேயும் வந்தது. சமாதான காலத்துக்கும் அதே பாணிதான். பேசுகிற விஷயம்தான் மாறும். அப்படியானால் எல்லாம் பொய்தானே என்று கேட்டேன்.

“முழுப் பொய் சொல்ல மாட்டாங்க அங்கிள். முழுப் பொய்ய யாரும் நம்ப மாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்” என்றாள்.

எனக்கு என் ஜீப் கதைகள் ஞாபகத்துக்கு வந்தன. இறங்கும்போதுதான், எங்க அம்மாகூட ஒரு சர்க்கார் படத்தில் வந்ததாகச் சொல்வார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் இறங்கிய காலை மறுபடி ஜீப்புக்குள் வைத்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் மடிக்கணினியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். படம் கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஆவணக் காப்பகத்தில் இருந்ததை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வலைத்தளத்தில் போட்டிருக்கிறார்களாம். அம்மா முகம் கழுவி, விபூதி பூசி, சேலையைச் சரி செய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். வெளியே மழை. தகரக் கூரைச் சத்தத்தில் படத்தின் குரல் சரியாகக் கேட்காததால் கணினியை அம்மாவின் மடியிலேயே வைத்தோம்.

கறுப்பு வெள்ளை. எங்கள் மலைதான். ஆனால் படத்தில் வேறு மாநிலத்தின் பெயரைச் சொன்னார்கள். அப்புறம் ஒரு சின்னப் பிள்ளை கவுன் போட்டுக்கொண்டு ஓடி வந்தது. அம்மாவுக்கு அடுத்தது என்ன என்று ஒவ்வொன்றும் தெரிந்திருந்தது. இப்ப தாளு விழும், இப்ப நான் அத எடுப்பேன், இப்ப கும்புடுவேன் என்று முந்திக்கொண்டு சொன்னாள். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். என் மகளின் முகம். நெற்றியும் மூக்கும் சிரிக்கும்போது ஒரு பக்கம் ஏறும் உதடும், சந்தேகத்துக்கே இடமில்லை. இத்தனை வருடம் அம்மாவை நம்பாமல் இருந்தோமே.

நாடகக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளிருந்து வந்தார். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது. பின்னால் கூட்டம் கை தட்டியது. அம்மா திரையில் விரல் வைத்தாள்.

“நிப்பாட்டு. இதான் எங்கப்பா.”

கூட்டத்தின் ஓரத்தில், தலைப்பாகையோடு, ஒல்லியாக ஒரு ஆள். தன் மகள் வேறொருவனை அப்பா என்று கட்டிக்கொள்வதைப் பார்த்து எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். தாத்தா திரும்பத் திரும்பக் கை தட்டினார். படம் முடிகிற இடத்தில் பின்னணிக் குரல், இந்தத் தேசம் உழைக்கும் மக்கள் எல்லாருக்கும் வீடு என்று மேடைத் தமிழில் சொல்லி முடித்தது. ஆராய்ச்சிப் பெண் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கணினியை மூடினாள்.

எனக்கு அன்றைக்கே புத்தியில் உறைத்துவிட்டது. இது போதாதா? சிறுவயதில் அம்மா இந்த மண்ணில்தான் இருந்தாள் என்பதற்கு சர்க்காரே எடுத்த சாட்சி அல்லவா இது? இதற்கு முன் எத்தனையோ தடவை மனுப் போட்டு, பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்திருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், நல்ல சேலையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவு அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்டுப் பேசிய அதிகாரி ஒரு மலாய்க்கார இளைஞர். நல்ல மனுஷன். அம்மாவை மக்சிக், அதாவது அத்தை என்று மரியாதையாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தன் கணினியிலேயே படத்தை முழுசாகப் பார்த்தார். பிள்ளை ஓடும் இடத்தில் அவரும் சிரித்தார். பிறகுதான் கேட்க ஆரம்பித்தார். படத்தில் இந்தப் பிள்ளையின் பெயர் வேறாக இருக்கிறதே? அது படத்துக்கு வைத்த பெயர் என்றேன். அப்பாவின் பெயரும் வேறு. அது நாடகக்காரர், அப்பா இல்லை. அப்பா இதோ ஓரத்தில் கை தட்டுகிறார். ஊரும் வேறு மாநிலம் என்கிறார்களே? அதுவும் படத்துக்காகச் சொன்னதுதான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் இந்தப் படத்தில் எதுதான் உண்மை என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மாவுக்கு அவ்வளவு மலாய் புரியும். தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்திலேயே இவரை இந்த எஸ்டேட்டில் பார்த்தவர், இவர் அப்பாவை அறிந்தவர், வயதில் மூத்தவர், குடிமகன், அப்படி ஒருவர் உயிரோடு இருந்து நேரில் வந்து சொன்னால் அதையும் படத்தோடு சேர்த்து மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார்.

லயத்தில் அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாமன்மார் இருவரும் அம்மாவுக்கு இளையவர்கள். லெம்பா பெர்த்தாமில் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், சேற்று வெள்ளம் வந்த வருடமே மகனோடு ஈப்போவுக்குப் போய் அங்கே இறந்துவிட்டார் என்றார்கள். அம்மாவுக்குத்தான் நானாவின் ஞாபகம் வந்தது. தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் பெரியவர்; எல்லாருக்கும் அவர் நானாதான். சிறுவயதில் தன் அப்பாவோடு ரொட்டிக் கூடை தூக்கிக்கொண்டு எங்கள் எஸ்டேட்டுக்கு வருவாராம். இப்போது கடையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். நானா கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை விசாரித்துக்கொண்டிருப்பார். போய்க் கேட்டேன். படம் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா என்றதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நான் அங்கேதான் நின்றேன், உன் அம்மாவையும் தெரியும், அவங்க அப்பாவையும் தெரியும் என்றார். நான் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. சந்தோஷத்தில் அவருடைய தேநீரையும் சேர்த்துக் குடித்துவிட்டு வந்தேன்.

நானா தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். அம்மா தேய்த்த சேலையில் வந்தாள். அதிகாரி கேட்கக் கேட்க நானா அழகான மலாயில் பதில் சொன்னார். இவரைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியுமா? தெரியும். இதே எஸ்டேட்தானா? இதே எஸ்டேட்தான். எனக்கு உள்ளுக்குள் கோயில் மணி அடித்தது. இவருடைய அப்பாவைத் தெரியுமா?

நானா அம்மாவைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். பிறகு, நாங்களும் புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தோ என்னவோ, தமிழிலேயே ஆரம்பித்தார்.

“ஏன் தெரியாது? கம்னிஸ்காரங்களோட காட்டுக்குப் போயிட்டு, மனசு மாறி, கையத் தூக்கிக்கிட்டு வந்தாரே. போலீஸ் தேத்தண்ணி குடுத்தாங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

அதையே மலாயிலும் சொன்னார். பெயர் கேட்டதற்குப் படத்தில் வந்த தகப்பனின் பெயரைச் சொன்னார். நான் குறுக்கே பாய்ந்து, நானா, அது சினிமா, அவர் நாடகக்காரர் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தம்பி, நீ அப்ப பொறக்கவே இல்லையே என்றார். துப்பாக்கி வைத்த போலீஸ்காரர்கள் நிஜம், தேயிலைச் செடி நிஜம், ஆள் வந்தது நிஜம். ரொட்டிக் கூடையோடு வேலிக்கு வெளியே நின்ற பையனுக்குக் கேமரா என்றால் என்னவென்று யார் சொன்னது? அப்புறம் அந்த வேன் வருடக்கணக்காகத் தானா ராத்தா திடலில் அதே படத்தைக் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தான் கண்ணால் பார்த்ததைத்தான் அவர் மறுபடி பார்த்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் அறிந்து சொன்ன பொய் இல்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதாமல் இருக்க அவரால் முடியாது. இருக்கிற ஒரே சாட்சி, அம்மாவின் மனுவில் உள்ள தகப்பன் பெயரை மறுத்துவிட்டு, காட்டிலிருந்து வந்த ஒருவனை அவளுக்குத் தகப்பனாக்கிவிட்டுப் போனார். வெளியே வந்ததும் நானா என் கையைப் பிடித்துக்கொண்டு, சரியாச் சொன்னேனா தம்பி என்று கேட்டார். வயதானவர், படியிறங்கவே கஷ்டப்பட்டார். சொன்னீங்க நானா என்றேன். வேறு என்ன சொல்வது?

அவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கோலா தெர்லா ஊருக்குப் போகும் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். எனக்கு யார் மேலாவது கோபப்பட்டே ஆக வேண்டும் போலிருந்தது. படம் எடுத்த வெள்ளைக்காரன் மேல் கோபப்படலாம் என்றால் அவன் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்த அதிகாரி தன்னால் ஆனதைச் செய்தார். தாத்தா பெருமைப்பட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் முன்னால் போன லாரிக்காரனைப் பார்த்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அம்மா என் கையை ஹாரனிலிருந்து எடுத்துவிட்டாள்.

“நானா பொய் சொல்லல தம்பி. அவரு பாத்தத சொன்னாரு. விடு.”

பதில் வர வெகு காலம் ஆனது. விண்ணப்பதாரரின் பெற்றோர் குறித்த விவரங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் பரிசீலிக்க இயலவில்லை என்று சுருக்கமாக வந்தது. ஆராய்ச்சிப் பெண்ணுக்குத் தகவல் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அழுதாள். தான் அந்தப் படத்தைக் கொண்டு வந்திருக்கக் கூடாது என்றாள். அவளைச் சமாதானப்படுத்தும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது. அம்மாவோ அதற்குப் பிறகு கொழுந்துக் காட்டுப் பெண்கள் வந்து ஸ்டாரு என்று கூப்பிட்டால், போங்கடி வேலயப் பாத்துக்கிட்டு என்று சொல்ல ஆரம்பித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் இருந்த ஒரே பெருமையை நான்தான் அலுவலகம் அலுவலகமாகத் தூக்கிப் போய்க் கரியாக்கினேன் போலத் தோன்றியது.

இந்த வருடம் சுதந்திர மாதத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் காட்டத் தானா ராத்தாவுக்குக் கூட்டிப் போனேன். மருந்து வாங்கிக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் நடந்து வந்தோம். மண்டபத்தில் ஏதோ கண்காட்சி. இந்த மலையின் பழைய காலத்துப் படங்களைப் பெரிது பெரிதாக அச்சடித்து, வாசலிலிருந்தே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கொடிகள், பலூன்கள், பள்ளிப் பிள்ளைகள். நான் கவனிக்காமல் நடந்தேன். அம்மா நின்றுவிட்டாள்.

வாசலில் இருந்த முதல் படமே அவள்தான். நாடகக்காரரையும் போலீஸ்காரரையும் வெட்டி எடுத்துவிட்டு, சிரிக்கிற பிள்ளையின் முகத்தை மட்டும் ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தார்கள். வலைத்தளத்தில் கிடக்கிற படம்தானே, யாரோ எடுத்திருக்கிறார்கள், யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். ஒரு குடும்பம் அதன் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் எடுத்து முடிக்கும்வரை அம்மா ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிறகு கிட்டே போய், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

நம் மண்ணின் பிள்ளைகள் என்று போட்டிருக்கிறது என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அம்மா அந்த முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். மருந்துப் பையை என் கையில் கொடுத்தாள்.

“அப்ப இந்தப் புள்ளைக்கு நீல ஐசி குடுத்திருப்பாங்களா தம்பி?”

அவளுக்குப் புத்தி தடுமாறவில்லை. என்னைச் சீண்டுகிறாளா, கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சீண்டவில்லை. எனக்குத் தெரிந்த உண்மை எதுவும் அந்த இடத்தில் சொல்லும்படியாக இல்லை.

“குடுத்திருப்பாங்கம்மா” என்றேன்.

“அவளாச்சும் வச்சிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.